கையெழுத்தைத் தேடும் அச்செழுத்து

பங்குத் திருவிழா அழைப்பிதழ் ஒன்று நம் மேசைமீது இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊரொன்றிலிருந்து வந்தது. நிகழ்ச்சி நிரல் முழுவதும் வழக்கமான அச்செழுத்தில் இருக்க, மேலே தலைப்பாக உள்ள 'அன்புடன் அழைக்கின்றோம்' என்னும் சொற்கள் மட்டும் கையால் எழுதியவைபோல் சற்றே சாய்ந்தும் துள்ளியும் நிற்கின்றன. கண்டவுடன் உள்ளம் குளிர்கிறது. யாரோ ஒருவர் நமக்கென உட்கார்ந்து எழுதினார் என்னும் எண்ணம் எழுகிறது. உற்று நோக்கினால் அவ்வெண்ணம் கலைந்து விடுகிறது. 'அன்புடன்' என்னும் சொல்லில் 'ன்' இருமுறை வருகிறது. இரண்டிலும் ஒரே வளைவு, ஒரே சாய்வு; புள்ளிகூட ஒரே இடத்தில். கையால் எழுதும் எவரும் இரு 'ன்'களை அப்படி எழுதுவதில்லை. சொல்லின் இறுதியில் வருவது சற்றே வாலை நீட்டிக்கொள்ளும். ஆகவே இது கை அன்று; கையின் சாயலில் வார்க்கப்பட்ட கணிப்பொறி எழுத்துரு.

நூலின் உள்ளே பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு இத்தகைய எழுத்துருக்கள் உதவா. தலைப்பு, அட்டை, சுவரொட்டி, பெயர்ப்பலகை என நின்று பார்க்கும் இடங்களுக்கே அவை உரியவை. கையெழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அச்சு, இப்போது எதற்காகக் கையெழுத்தின் வேடத்தைப் புனைகிறது? இவ்வினாவுக்கு விடை தேடினால், நம் பள்ளத்தாக்கின் பாறைகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கல்லும் செம்பும் ஓலையும்

தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் நினைவாக நடப்பட்டது ஒரு கல். அக்கூடலூர் நம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள கூடலூரே எனக் கருதுவோரும் உளர். இந்நடுகற்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அவற்றைக் கண்டறிந்தோர் முடிவு. அவ்வெழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை. உளியும் சுத்தியும் கல்லில் எளிதாகச் செல்லும் வழி அதுவே.

உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களின் அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயருக்கேற்ப வட்டெழுத்து வளைந்து வளைந்து ஓடுவது. நடுகல்லின் நேர்க்கோடு செப்பேட்டில் வளைவாகிவிட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மக்கள் அன்றாடம் எழுதியது கல்லிலும் செம்பிலும் அன்று, ஓலையில். எழுத்தாணியால் நீண்ட நேர்க்கோடு இழுத்தால் ஓலை நரம்பின் வழியே கிழியும். புள்ளியை அழுத்தி வைத்தால் துளை விழும். ஆகவேதான் தமிழெழுத்து உருண்டது, புள்ளிகளும் மறைந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். கருவியும் எழுதும் பொருளும் மாற, கை தன் ஓட்டத்தை மாற்றிக்கொண்டது. கையின் ஓட்டம் மாற, எழுத்தின் முகமும் மாறியது.

இங்கே மற்றொன்றையும் நினைவில் கொள்வோம். பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு அரசனையும் கொடையையும் சொல்வதோடு நில்லாமல், அதனைப் பொறித்த யுத்தகேசரிப் பெரும்பணைக்காரனின் பெயரையும் இறுதியில் சொல்லி முடிகிறது. எழுதிய கைக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை நம் முன்னோர் மறக்கவில்லை.

கையைப் பார்த்து வார்த்த ஈயம்

அச்சு பிறந்தபோது அதற்கெனத் தனி முகம் ஏதும் இருக்கவில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1455ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்ட கூட்டன்பர்க், படியெடுத்து எழுதும் துறவியரின் எழுத்தையே முன்மாதிரியாகக் கொண்டார். ஒரே எழுத்துக்குப் பல அகலங்களும் கூட்டெழுத்துகளும் சேர்ந்து ஏறத்தாழ 290 அச்சுருக்கள் அவருக்குத் தேவைப்பட்டன. தம் நூல் கையெழுத்துப் படிபோல் தோன்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். 1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட வெர்ஜில் கவிதை நூலில்தான் சாய்வெழுத்து முதன்முதல் முழு நூலுக்கும் பயன்பட்டது. அதன் அச்சை வெட்டியவர் பிரான்சிஸ்கோ கிரிஃபோ. இத்தாலிய எழுத்தர்களின் விரைவான கையெழுத்தே அதற்கு மூலம். 1557இல் ரொபேர் கிரான்ஜோன் லியோன் நகரில் பிரெஞ்சுக் கையெழுத்தை அப்படியே அச்சாக்கினார். கையெழுத்துப் பாணி அச்சு நாம் நினைப்பதுபோல் நேற்று வந்த புதுமை அன்று.

தமிழின் கதையும் இதுவே. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறியது தமிழ் என்பதும், அப்பணியைச் செய்தோர் இயேசு சபையினர் என்பதும் நாம் அறிந்த செய்திகள். 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் என்னும் சபைச் சகோதரர் தமிழ் அச்சுகளை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவான் தெ ஃபாரியா அடிகளார் வேறொரு தொகுதியை வார்த்தார். அவ்வச்சுகளைக் கொண்டு 1578 அக்டோபர் 20ஆம் நாள் அண்டிறிக்கி அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. அதன் கடைசிப் பக்கம் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. கோவாவில் செய்த எழுத்துகளும் கொல்லத்தில் செய்த எழுத்துகளும் அங்கே அச்சிடப்பட்டுள்ளன. தமிழ் தாய்மொழியல்லாத இருவர், தமிழர் ஓலையில் எழுதிய வரிவடிவங்களைப் பார்த்துப் பார்த்து உலோகத்தில் இறக்கினார்கள். முதல் முயற்சி மனநிறைவு அளிக்காததால் இரண்டாவது எழுந்தது. இரண்டையும் மறைக்காமல் வாசகர் முன் வைத்தார்கள். அந்நூலின் எஞ்சிய படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வெளிவந்தபோது, அதற்கு வேண்டிய எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இஞ்ஞாசி ஆச்சாமணி என்னும் நம்மவர். மரத்தில் செதுக்கும்போது கை இன்னும் அருகில் வருகிறது. அவர் பெயரும் வரலாற்றில் நின்றுவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன் சபையார் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளை 1713இல் பெற்றனர். அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டு முடித்தார்கள். அதே காலத்தில் நம் மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலேயே காட்டும் வழியைச் செய்தார். ஒற்றைக் கொம்பின் தலையில் அவர் இட்ட சிறு சுழியை இன்றும் 'கே' என எழுதும்போதெல்லாம் நம் விரல்கள் சுழித்துக்கொண்டே இருக்கின்றன. அச்சு நிலைபெறுவதற்கு முன் கையில் நிகழ்ந்த மாற்றம் அது.

இதன்பின் எழுத்து ஒழுங்குபட்டது. ஈய எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே கனத்தில், பெட்டியறைகளில் அடங்கின. படிப்பதற்கு அதுவே நலம். மறைக்கல்வி நூலும் நாளேடும் பாடப்புத்தகமும் அந்த ஒழுங்கினால்தான் எளியோர் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தன. எனினும் தலைப்பு என்று வந்தபோது ஈயம் போதவில்லை. இதழின் பெயரையும் கதையின் தலைப்பையும் ஓவியர் தூரிகையால் எழுதித் தந்தார். அதனைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, அச்சுக்கோத்த பக்கத்தின் மேல் பொருத்தினார்கள். நகைச்சுவைக் கதையின் தலைப்பு சிரித்தது. பேய்க்கதையின் தலைப்பு நடுங்கியது. ஈய எழுத்தால் பேச முடியாத குரலைப் பேசக் கையே மீண்டும் வர வேண்டியிருந்தது.

சுவர்களில் வாழ்ந்த எழுத்து

நம் ஊர்களில் அக்குரல் சுவர்களில் வாழ்ந்தது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் செல்லும் சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் எழுதப்பட்ட சுவர்களே. உரக்கடை, விதைக்கடை, சினிமாக் கொட்டகை, தேர்தல் சின்னம், கோவில் திருவிழா, நற்செய்திக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் தூரிகை ஒன்றே. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளின் பலகைகளும், மலைத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளின் நெற்றியும் அவ்வோவியர்களால் எழுத்துப் பெற்றன. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து இப்பள்ளத்தாக்கை நஞ்சையாக்கிய பென்னிகுவிக்கின் பெயரை நம் மக்கள் கடைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சூட்டி மகிழ்கிறார்கள். ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் இத்தனை தமிழ் வடிவங்களில் எழுதப்பட்ட நிலம் வேறு உண்டோ என நாம் வியப்பதுண்டு.

அவர்கள் எழுதிய முறையை நாம் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறோம். சுவருக்கு வெள்ளை பூசுவார்கள். வண்ணப் பொடி தடவிய நூலை இருவர் இருபுறமும் பிடித்துச் சுண்டினால் நேர்க்கோடு விழும். கரித்துண்டால் எழுத்தின் எல்லையைக் குறிப்பார்கள். பின்னர்த் தட்டைத் தூரிகை இறங்கும். இடம் குறைந்தால் கடைசி எழுத்து ஒடுங்கும். இடம் மிகுந்தால் 'ழ'கரத்தின் வால் அடுத்த எழுத்தின் அடியில் சென்று படுத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஓவியருக்கும் ஒரு 'க' உண்டு. அதனைக் கொண்டே இன்னார் எழுதியது என ஊரார் அறிவார்கள். சுவரின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அவர் பெயரும் இருக்கும்.

1978 அக்டோபரில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்டு காட்டிய மாற்றங்களுள் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் அதனால் நிலைபெற்றது. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் பிற எழுத்துகளைப்போல் தனிக்காலைப் பெற்றன. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தம் யானைத் தும்பிக்கையை இழந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் அது பெரும் எளிமை. அச்சில் அம்மாற்றம் விரைந்து பரவியது. கையில் அவ்வாறு நிகழவில்லை. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கடிதத்தில் தும்பிக்கை 'லை'யையே எழுதினார்கள். முதியோர் பலர் இன்றும் அவ்வாறே எழுதுகிறார்கள். அச்சு விட்டுவிட்டதைக் கை தன் நினைவில் வைத்திருக்கிறது.

கணிப்பொறியும் கையும்

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கொன்னேர், கணிப்பொறித் திரையில் பேசும் நாய்ப் படம் ஒன்றைக் கண்டார். அதன் வாய்ச்சொற்கள் நாளேட்டுக்குரிய டைம்ஸ் எழுத்தில் இருந்தன. நாய் இப்படிப் பேசலாமா என்னும் எண்ணத்தில், சித்திரக்கதை நூல்களின் கையெழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு அவர் உருவாக்கியதே காமிக் சான்ஸ் என்னும் எழுத்துரு. அதனை விரும்பியோரும் இகழ்ந்தோரும் கோடிக்கணக்கில் பெருகினர். அவர் உணர்ந்த உண்மையை மட்டும் எவரும் மறுக்க முடியாது. சொல்லுக்கு ஏற்ற குரல் எழுத்தின் முகத்திலும் வேண்டும்.

தமிழிலும் அவ்வேட்கை எழுந்தது. 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய தமிழர் கூடி வகுத்த திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறையின் வழிவந்த எழுத்துருக்களுள் 'டிஎஸ்சியு காமிக்' விளையாட்டுத்தன்மை உடையது. பின்னர் ஒருங்குறி முறை நிலைபெற்றபின் பலவும் வந்தன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துச் சாயலுடையது. மும்பையின் ஏக் டைப் குழுவினர் வெளியிட்ட 'பாலூ தம்பி' தடித்த, உருண்ட, குழந்தைமுகம் கொண்ட எழுத்து. இவ்விரண்டையும் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். ஏழைப் பங்கின் இளைஞர் மன்றமும் இன்று அழகிய தலைப்பை இடமுடிகிறது எனில், இவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இது எளிய பணி அன்று. ஆகாரம் முதலிய பல குறிகளைத் தனியே வரைந்து மெய்யெழுத்துகளோடு சேர்த்துக்கொள்ளலாம். உகர ஊகாரங்கள் அவ்வாறு அடங்கா. கு, சு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சுழல்பவை. பதினெட்டு மெய்களுக்கும் சேர்த்து முப்பத்தாறு வடிவங்களை வரைய வேண்டும். அத்தனையும் ஒரே கை எழுதியவைபோல் தோன்ற வேண்டும். துள்ளலும் வேண்டும், படிக்கவும் இயல வேண்டும். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை வரைந்து வைத்து, அடுத்தடுத்து வரும்போது எழுத்துருவே அவற்றை மாற்றி மாற்றி இடும்படி அமைக்கவும் இப்போது வழி உண்டு. கூட்டன்பர்க் 290 அச்சுருக்களைக் கொண்டு நாடியதும் ஏறத்தாழ இதுவே. ஒருங்குறியில் மற்றொரு நலமும் இருக்கிறது. 'லை' என்பதற்கு எண்ணைத்தான் அது தருகிறது. உருவத்தை எழுத்துருவின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. கையெழுத்துப் பாணியில் வரைபவர் விரும்பினால் பாட்டியின் தும்பிக்கை 'லை'யை மீண்டும் உயிர்ப்பிக்கலாம்.

எவருடைய கை?

இந்த வரவினால் மகிழும் நாம் ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப்பின் நம் நகரங்களில் பிளக்ஸ் அச்சு வந்தது. ஒரு சுவரை எழுதும் நேரத்தில் பல பதாகைகள் அச்சாகி வந்தன, விலையும் குறைந்தது. தூரிகையை நம்பி வாழ்ந்த ஓவியர்கள் வீடுகளுக்கு வண்ணம் பூசச் சென்றார்கள். சிலர் தோட்ட வேலைக்கு மலையேறினார்கள். கோவில் வளைவுக்கு எழுத அவர்களை அழைத்து வந்த நாமே, பின்னர்ப் பதாகைக் கடைக்கு வழி தெரிந்து கொண்டோம். எவரையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அக்கையின் வேலையை நாம் நிறுத்திவிட்டு, அதன் சாயலை மட்டும் எழுத்துருவில் தேடுகிறோம் என்பதை மறைக்க இயலாது.

தில்லியைச் சேர்ந்த ஹனீஃப் குரேஷி என்னும் வடிவமைப்பாளர் இதற்கு ஒரு வழி காட்டினார். 2024இல் காலமான அவர், தெருவோர ஓவியர்களின் எழுத்துகளைத் திரட்டி எழுத்துருக்களாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். எழுதிய ஓவியரின் பெயரையே எழுத்துருவுக்கும் இட்டார். 'பெயின்டர் கஃபீல்' என்பது அவற்றுள் ஒன்று. செப்பேட்டின் இறுதியில் பெரும்பணைக்காரனின் பெயர் நின்றதுபோல், கணிப்பொறியிலும் எழுதியவர் பெயர் நிற்க முடியும் என்பதை அம்முயற்சி காட்டியது.

நம் பள்ளத்தாக்கில் இப்பணியைச் செய்வதற்கு நாள் இன்னும் கடந்துவிடவில்லை. வண்ணம் மங்கிய சுவர்கள் சில ஊர்களில் எஞ்சி நிற்கின்றன. எழுதியோர் பலர் முதுமையில் இருக்கிறார்கள். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் குருக்களும் வேதியர்களும் மையால் எழுதிய தமிழ் இருக்கும். அப்பதிவேடுகளைத் திறப்பதும் படியெடுப்பதும் பொறுப்பாளர்களின் ஒப்புதலோடு நிகழ வேண்டியவை. சுவர்களைப் படமெடுப்பதற்கோ அத்தகைய தடை ஏதும் இல்லை. நம் பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறையில் தம் ஊர்ச் சுவர்களையும் பலகைகளையும் படமெடுக்கட்டும். எழுதியவரைத் தேடிச் சென்று, உயிரெழுத்து பன்னிரண்டும் மெய்யெழுத்து பதினெட்டும் அவற்றின் உயிர்மெய் வடிவங்களும் ஒரு பெரிய தாளில் எழுதித் தரும்படி கேட்கட்டும். உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுக்கட்டும். தாளின் அடியில் அவர் பெயரையும் ஊரையும் தவறாமல் எழுதி வாங்கட்டும். எழுத்துருவாக்கும் கலையை அறிந்த இளையோர் இன்று நம்மிடையே உள்ளனர். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மேசைமீதுள்ள அழைப்பிதழை மீண்டும் எடுத்துப் பார்க்கிறோம். 'அன்புடன் அழைக்கின்றோம்' என்னும் அவ்வெழுத்துகள் நம்மை ஏமாற்ற வந்தவை என இப்போது தோன்றவில்லை. அவையும் எங்கோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வரைந்தவையே. அடுத்த ஆண்டு அழைப்பிதழின் தலைப்பில் நம் ஊர் ஓவியர் ஒருவரின் 'அ' இருக்க வேண்டும் என்பது நம் ஆசை. அதன் கீழே, சிறிய எழுத்தில், அவர் பெயரும் இருக்கட்டும்.